இரண்டு சித்திரைகள்: சாஹா குழுவின் நாட்காட்டியை ஒரு வடிவமைப்பாக வாசித்தல்

இந்தியாவுக்கு அதிகாரபூர்வமான தேசிய நாட்காட்டி ஒன்று இருக்கிறது. 1957 மார்ச் 22, அதாவது சக வருஷம் 1879 சைத்ர மாதம் முதல் தேதி, நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் தேதி போடுகிறார்கள், வானொலியில் சொல்கிறார்கள், அரசுக் காலண்டரில் ஒரு மூலையில் அச்சடிக்கிறார்கள். அதற்கு மேல் அதற்கு வாழ்க்கை கிடையாது. இன்றைக்கு சக வருஷத்தில் என்ன தேதி என்று தெருவில் நூறு பேரைக் கேட்டால் ஒருவர் சொன்னாலே அதிசயம்.

"மக்கள் மாற மாட்டார்கள், மதம் விடாது" என்று இதற்கு வழக்கமாக ஒரு காரணம் சொல்லப்படுகிறது. எனக்கு அது போதாது என்று படுகிறது. தோற்றதற்குக் காரணம் அந்த நாட்காட்டியின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதைப் பரிந்துரைத்த அதே அறிக்கைக்குள் இதைவிட நல்ல யோசனை ஒன்று இருந்தது. அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் குறிப்பு அந்த இரண்டாவது யோசனைக்காக.

முதலில் சிக்கல் என்ன?

பூமி சூரியனைச் சுற்றுவதை இரண்டு விதமாக அளக்கலாம். ஒரு நட்சத்திரத்தைக் குறியாக வைத்து, சூரியன் மறுபடி அதே இடத்துக்கு வரும் காலத்தை அளந்தால் 365 நாள் 6 மணி 9 நிமிடம் சொச்சம். இது நிராயன வருஷம். இரவும் பகலும் சமமாகும் புள்ளியைக் குறியாக வைத்தால் 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 விநாடி. இது சாயன வருஷம். பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெல்லத் தலையாட்டுவதால் வருகிற வித்தியாசம் இது. வெயிலும் மழையும் பகலின் நீளமும் சாயன வருஷத்தைத்தான் பின்பற்றும். நட்சத்திரத்தைப் பற்றி அவற்றுக்குக் கவலை இல்லை.

தமிழ் மாதங்கள் நிராயனக் கணக்கில் பிறப்பவை. வருஷத்துக்குச் சுமார் 20 நிமிடம் வித்தியாசம் என்றால், ஏறக்குறைய 70 வருஷத்தில் ஒரு நாள் நகரும். வாக்கியப் பஞ்சாங்கம் எடுத்துக்கொள்ளும் வருஷம் 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. நம் கடிகாரக் கணக்கில் 365 நாள் 6 மணி 12½ நிமிடம். அதில் நகர்வு இன்னும் வேகம், 60 வருஷத்துக்கு ஒரு நாள்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? சுவாமி விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்று மகர சங்கராந்தி. இப்போது அதே சங்கராந்தி ஜனவரி 14, சில வருஷம் 15. நூற்று அறுபது வருஷத்தில் இரண்டு மூன்று நாள் போயே போய்விட்டது. உத்தராயணம் பிறக்கிற நாள் என்று தை ஒன்றைச் சொல்கிறோம். சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. இரண்டும் ஒன்றாக இருந்த காலம் சுமார் 1,700 வருஷத்துக்கு முந்தியது. அன்றிலிருந்து சேர்ந்த பாக்கிதான் இந்த 23, 24 நாள்.

குழு சரியாகச் செய்தவை

1952 நவம்பரில் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் (சி.எஸ்.ஐ.ஆர்.) இந்தக் குழுவை அமைத்தது. தலைவர் மேகநாத் சாஹா. நட்சத்திரங்களின் நிறமாலையைப் படிக்க உதவும் அயனியாக்கச் சமன்பாட்டைத் தந்த அதே சாஹா. அந்த ஆண்டுதான் கல்கத்தாவிலிருந்து சுயேச்சையாக மக்களவைக்கும் போயிருந்தார். குழுவின் செயலர் என்.சி. லாஹிரி. நாடு முழுக்க முப்பது விதமான நாட்காட்டிகள் புழங்குவதாக நேரு தன் செய்தியில் குறிப்பிட்டார். அறிக்கை 1955-இல் வந்தது. அதில் பல நாட்டு நாட்காட்டிகளின் வரலாற்றைச் சொல்லும் பகுதி இன்றைக்கும் உட்கார்ந்து படிக்கத் தகுந்தது. சாஹா 1956 பிப்ரவரியில் இறந்துபோனார். நாட்காட்டி நடைமுறைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

கணக்கு என்ற அளவில் குழுவின் வேலையில் குறை சொல்ல இடமே இல்லை. வருஷம் சம இரவு நாளுக்கு அடுத்த நாள், மார்ச் 22 அன்று தொடங்கும். லீப் வருஷத்தில் மார்ச் 21. சைத்ரத்துக்கு 30 நாள், லீப் வருஷத்தில் 31. அடுத்த ஐந்து மாதம் 31. மீதி ஆறும் 30. ஏன் இப்படி? ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனுக்குத் தொலைவில் இருப்பதால் மெதுவாக நகரும். அதனால் அந்தப் பக்கத்து மாதங்கள் நீளம். நம் ஆனிக்கு 32 நாள் வருவதும், கார்த்திகை, மார்கழி 29-இல் முடிந்துபோவதும் இதே காரணத்தால்தான். வானத்தின் நடையையும் மதித்து, மனப்பாடம் பண்ணவும் எளிதாக்கிய ஏற்பாடு. லீப் விதியும் சுலபம்: சக வருஷத்தோடு 78 கூட்டு, வருகிற ஆங்கில வருஷம் லீப் என்றால் இதுவும் லீப். கிரிகோரியன் நாட்காட்டியோடு கட்டிப்போட்டதால் பருவத்திலிருந்து பல ஆயிரம் வருஷத்துக்கு நழுவாது.

சரி, இவ்வளவு நன்றாகச் செய்த ஒன்று ஏன் செத்துப்போனது?

முதல் தவறு: பழைய பெயர், புதிய எல்லை

சைத்ரம், வைசாகம், ஆஷாடம் என்ற பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவை தொடங்கும் நாளை மட்டும் குழு பிடுங்கி நட்டது. தமிழ்ச் சித்திரை ஏப்ரல் 14-இல் பிறக்கிறது. குழுவின் சைத்ரம் மார்ச் 22-இல். நடுவில் 23 நாள். வடக்கே நிலாவை வைத்து எண்ணும் சைத்ரம் ஏற்கெனவே வேறு ஒன்று இருக்கிறது. ஆக, குழப்பத்தைத் தீர்க்க வந்த நாட்காட்டி அதே பெயரில் இன்னொரு மாதத்தைச் சேர்த்துவிட்டுப் போனது. முப்பது முப்பத்தொன்றானது.

பெயரையும் மாற்றி எல்லையையும் மாற்றினால் மக்கள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள், அல்லது ஒதுக்கிவிடுகிறார்கள். பெயர் அப்படியே இருந்து பொருள் மட்டும் மாறினால் ஒவ்வொரு முறையும் "எந்தச் சித்திரை?" என்று கேட்க வேண்டிவரும். அளவைகளில் நாம் இந்தத் தவறைச் செய்யவில்லை. அதே 1950-களில் மெட்ரிக் முறை வந்தபோது கிலோகிராமுக்கு "புதிய சேர்" என்று பெயர் வைக்கவில்லை. கிலோ என்றே சொன்னோம். சேர் தானாக ஓய்ந்தது.

இரண்டாவது தவறு: சம இரவு நாள் ஒரு பருவம் அல்ல

"பருவத்தோடு ஒட்டிய நாட்காட்டி" என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த ஊர்ப் பருவத்தோடு? சம இரவு நாள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வரும் வானியல் நிகழ்ச்சி. பருவம் அப்படி இல்லை. தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடும் சராசரித் தேதி ஜூன் 1, அதுவே ஒரு வாரம் முன்னே பின்னே போகும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு முக்கியமான மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பஞ்சாபுக்கும் தஞ்சாவூருக்கும் பொதுவாக ஒரு "வர்ஷ ருது" இல்லை.

பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793-இல் இதே பள்ளத்தில் விழுந்தார்கள். மூடுபனி மாதம், பனி மாதம், வெக்கை மாதம் என்று வானிலையை வைத்தே பெயர் சூட்டினார்கள். பாரிஸ் வானிலை அது. பிரான்சின் கரீபியன் தீவுகளில் பனி மாதம் என்றால் என்ன அர்த்தம்? பன்னிரண்டு வருஷத்துக்குச் சற்று மேல்தான் ஓடியது. 1806 ஜனவரி 1 முதல் பழைய நாட்காட்டிக்கே திரும்பிவிட்டார்கள்.

சாஹா குழு வானிலையின் பெயரைச் சூட்டவில்லை. ஆனால் பருவத்தோடு இணைத்துவிட்டோம் என்ற வாதம்தான் அதன் உயிர். அந்த வாதத்தைக் கொஞ்சம் சுருக்கியாக வேண்டும். ஒரு நாடளாவிய நாட்காட்டி எந்தப் பருவத்தோடும் ஒட்ட முடியாது. நகராமல் நிற்க மட்டுமே முடியும். நகராமல் நின்றால் அந்தந்த ஊர் தன் பருவத்தைத் தானே அதில் குறித்துக்கொள்ளும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி கேட்பதும் இதைத்தான். ஆடி சம இரவிலிருந்து எத்தனை பாகை என்று விதைக்கிறவர் கேட்பதில்லை. தாத்தாவின் ஆடியும் பேரனின் ஆடியும் ஒரே வெயிலில், ஒரே காற்றில் வந்தால் அவருக்குப் போதும்.

ஆக, எங்கே தொடங்குகிறோம் என்பது முக்கியமல்ல, தொடங்கும் இடம் நிலையாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் மார்ச் 22-க்குத் தாவ வேண்டிய அவசியமே இல்லை என்பதும் புரியும்.

மூன்றாவது தவறு: யாருக்கு?

ஒரு நாட்காட்டி பிழைக்க வேண்டுமென்றால் அதைத் தப்பாகப் படித்தால் யாருக்காவது நஷ்டம் வர வேண்டும். சக நாட்காட்டியைத் தப்பாகப் படித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் நம் கிராம நிர்வாக அலுவலகத்திலேயே இருக்கிறது: பசலி. அக்பர் காலத்து வரிவசூல் ஏற்பாட்டில் வேர்விட்ட ஆண்டுமுறை. நிலாவை மட்டும் வைத்து எண்ணும் ஹிஜ்ரி ஆண்டு வருஷத்துக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் ஓடுவதால், அறுவடைக்கு முன்பே வரி கேட்கும் நிலை வரும். அதைத் தவிர்க்கத்தான் விளைச்சலுக்கென்று தனி ஆண்டு. சென்னை மாகாணத்தில் இது முதலில் ஆடி முதல் தேதியில் தொடங்கியது. 1855-இல் ஜூலை 1 என்று நிலைநிறுத்தினார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு நிராயன மாதத்தோடு கட்டியிருந்த வருஷத்தை அவிழ்த்து கிரிகோரியன் தேதியில் கட்டியாயிற்று. சாஹா குழுவுக்கு நூறு வருஷம் முன்னாலேயே, எந்தப் பிரகடனமும் இல்லாமல், பருவத்திலிருந்து நழுவாத ஒரு நாட்காட்டி நமக்குக் கிடைத்துவிட்டது. 2024 ஜூலையில் பசலி 1434 பிறந்தது. அடங்கலில் அதுதான், ஜமாபந்தியில் அதுதான். சக வருஷம் தெரியாத விவசாயிக்குப் பசலி தெரியும். தெரியாவிட்டால் பட்டா வேலை நடக்காது.

மேட்டூர் அணையையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். குறுவைக்கு அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதைத் தமிழ்த் தேதியில் யாரும் சொல்வதில்லை. ஆக, விவசாயத்தின் அரசாங்கப் பக்கம் எப்போதோ சாயனத்துக்கு மாறிவிட்டது. பழமொழிப் பக்கம் மட்டும் இன்னும் நிராயனத்தில் இருக்கிறது.

அறிக்கைக்குள் இருந்த நல்ல யோசனை

இப்போது இரண்டாவது யோசனைக்கு வருகிறேன். அரசாங்க வேலைக்கு மார்ச் 22 நாட்காட்டி என்று சொன்ன குழு, மதச் சடங்குகளுக்கான நாட்காட்டிக்கு வேறு வழி சொன்னது. மாதப் பிறப்புகளைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். இன்றைய இடத்திலேயே நிறுத்திவிடலாம். அப்போதைய அயனாம்சம் 23 பாகை 15 கலை. அதை நிலையான எண்ணாக வைத்துக்கொண்டால் மேஷப் பிறப்பு என்றென்றும் ஏப்ரல் பாதியிலேயே நிற்கும். பழைய பாக்கி தள்ளுபடி, இனிமேல் கடன் ஏறாது.

எவ்வளவு அடக்கமான, நடைமுறைக்கு ஏற்ற யோசனை! யாருடைய பண்டிகையும் நகராது. யாரும் எதையும் புதிதாகக் கற்க வேண்டாம். ஆனால் நாம் வாங்குகிற பஞ்சாங்கங்கள் இதை ஏற்கவில்லை. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. குழுவின் வேலையில் உண்மையிலேயே வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது "லாஹிரி அயனாம்சம்". ஜாதகம் கணிக்கும் மென்பொருள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது, நிலையான எண்ணாக அல்ல, வருஷத்துக்கு 50 விகலை நகர்கிற எண்ணாக. நகர்வை நிறுத்தக் கூடிய குழுவின் பெயரால் நகர்வு துல்லியமாகக் கணக்கிடப்படுகிறது.

அதே யோசனை வேறிடத்தில் ஜெயித்தது. வங்க மொழி அறிஞர் முகம்மது ஷஹீதுல்லா தலைமையிலான குழு 1966-இல் வங்காள நாட்காட்டிக்குத் திருத்தம் சொன்னது. வங்கதேசம் 1987-இல் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. புத்தாண்டு ஏப்ரல் 14-இல் நின்றுவிட்டது. மாதப் பெயரும் அதே, மாதம் பிறக்கும் பருவமும் அதே. இன்றைக்கு டாக்காவில் கோலாகலமாகக் கொண்டாடும் பொய்லா பொய்ஷாக் அந்தத் தேதியில்தான். பிறகு மறுபடியும் ஒரு திருத்தம் செய்தார்கள். முதல் ஆறு மாதத்துக்கு 31 நாள், ஃபால்குனத்துக்கு 29. பிப்ரவரி 21 மொழிப்போர் நாள் 1952-இல் எந்த வங்காளத் தேதியில் நடந்ததோ அதே தேதியில் ஒவ்வொரு வருஷமும் வரும்படி. மக்களுக்கு எந்த நாள் முக்கியம் என்று பார்த்து மாத நீளத்தை வெட்டித் தைத்திருக்கிறார்கள். நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்வது இதை.

விலை இல்லாமல் இல்லை. மேற்கு வங்கம் பழைய கணக்கிலேயே இருக்கிறது. ஒரே மொழிக்காரர்கள் பல வருஷம் அடுத்தடுத்த நாளில் புத்தாண்டு கொண்டாடுகிறார்கள். சீக்கியர்களின் நானக்ஷாஹி நாட்காட்டி இன்னும் கடுமையான பாடம். பால் சிங் புரேவால் வடிவமைத்த சாயன நாட்காட்டியை 2003-இல் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி ஏற்றது. 2010-இல் மாதப் பிறப்புகளைப் பழையபடி சங்கராந்திக்கே திருப்பியது. இரண்டு பதிப்புக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள், சண்டை ஓயவில்லை.

தமிழுக்கு எப்படி இருக்கும்?

ஒரு பயிற்சியாகப் போட்டுப் பார்த்தேன். சித்திரை 1 எப்போதும் ஏப்ரல் 14. சித்திரை முதல் புரட்டாசி வரை ஆறு மாதமும் 31 நாள். ஐப்பசி 30, கார்த்திகை 29, மார்கழி, தை, மாசி, பங்குனி தலா 30. லீப் வருஷத்தில் பங்குனிக்கு 31. கூட்டினால் 365 அல்லது 366. ஆடி 1 ஜூலை 16-இலும், ஐப்பசி 1 அக்டோபர் 17-இலும், மார்கழி 1 டிசம்பர் 15-இலும், தை 1 ஜனவரி 14-இலும் நிற்கும். இன்றைய தேதிகளோடு பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் வித்தியாசம் வராது. 29-ஐ மார்கழிக்குக் கொடுக்காமல் கார்த்திகைக்குக் கொடுத்ததற்குக் காரணம் எளியது: திருப்பாவைக்கு முப்பது பாட்டு. நாளுக்கு ஒன்று என்று பாடுகிறவர்களுக்கு எந்த வருஷமும் இடறாது.

நான் எதிர்பார்க்கும் எதிர்ப்புகள் மூன்று.

ஒன்று, "அறுபது எழுபது வருஷத்துக்கு ஒரு நாள்தானே, யாருக்கு நஷ்டம்?" உண்மைதான். மழை ஒரு வாரம் தள்ளிப் போகும் நாட்டில் ஒரு நாளை விவசாயி உணரப் போவதில்லை. ஆனால் வட்டி எப்போதுமே சின்னதாகத்தான் தெரியும். இதே வேகத்தில் இன்னும் இரண்டாயிரம் வருஷம் போனால் ஆடி பிறப்பது ஆகஸ்ட் பாதியில். நம் மொழியின் வயதோடு வைத்துப் பார்த்தால் இரண்டாயிரம் வருஷம் பெரிய காலமா? "சித்திரை, வைகாசி இளவேனில்" என்று பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு, அதே சித்திரைக் கடைசியில் கத்திரி வெயிலில் வேகிற பிள்ளைகள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அந்த முரண் முழுவதும் நகர்வால் வந்தது என்று சொல்ல மாட்டேன். நகர்வு அதைக் கூட்டத்தான் செய்கிறது.

இரண்டு, "சங்கராந்தி என்பது சூரியன் ராசி மாறும் கணம், அதைத் தேதி வைத்து நிறுத்த முடியாது." நியாயமான மறுப்பு. அப்படி நினைப்பவர்களிடமிருந்து சங்கராந்தியைப் பறிக்க வேண்டியதில்லை. கோயில் கணக்கு அதன்படியே நடக்கலாம். மாதத் தேதி மட்டும் நிலையாக நிற்கலாம். ஆனால் தை ஒன்றும் சங்கராந்தியும் பிரியும் நாள் வரும் என்பதை மறைக்கக் கூடாது.

மூன்றாவதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. தமிழ்நாடு மட்டும் மாறினால் யாழ்ப்பாணம்? மலேசியா? இலங்கையில் சித்திரைப் புத்தாண்டு சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவான நாள். கேரளத்து விஷுவும் இதே கணக்கில் வருகிறது. டாக்காவும் கொல்கத்தாவும் பிரிந்த மாதிரி நாமும் பிரிவோம். வங்கதேசத்துக்கு ஒரு தேசம் இருந்தது, முடிவெடுத்தது. தமிழ் நாட்காட்டிக்கு அப்படி ஒரே சொந்தக்காரர் கிடையாது. இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை.

2008-இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, 2011-இல் நீக்கப்பட்டது. எத்தனை கட்டுரை, எத்தனை மேடை! சித்திரையா தையா என்று பேசிய இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள்: இரண்டு தேதியும் நழுவிக்கொண்டிருப்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. எந்த மாதத்தில் தொடங்குவது என்பது அடையாளம் சார்ந்த கேள்வி, அதில் கருத்து வேறுபாடு இருக்கட்டும். மாதம் எங்கே நிற்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கு இரு தரப்பும் சேர்ந்தே பதில் சொல்லியிருக்கலாம்.

ஒரு கெடு மட்டும் இருக்கிறது. 2100 லீப் வருஷம் அல்ல. அந்த பிப்ரவரிக்குப் பிறகு தமிழ் மாதப் பிறப்புகள் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். பொங்கல் ஜனவரி 15, சில வருஷம் 16 ஆகிவிடும். 1900-லும் இதே மாதிரி ஒரு தாவல் நடந்தது, யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. இப்போது தொட்டிலில் இருக்கிற குழந்தைகளில் பலர் அடுத்த தாவலைப் பார்க்கத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் யாராவது அந்த 1955 அறிக்கையை எடுத்து, அரசாங்கம் ஏற்ற பக்கத்தைத் தாண்டி அடுத்த பரிந்துரையையும் படித்தால் நல்லது.